ஜாப் கோச் என்பவர் யார்? வேலை கிடைத்த பிறகு தொடங்கும் வேலை

ஒரு சூப்பர் மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அறிவுசார் குறைபாடு உள்ள 24 வயது இளைஞர் ஒருவருக்கு அங்கே பிஸ்கட் வரிசையை அடுக்கும் வேலை கிடைக்கிறது. வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போகிறது. முதல் மாதச் சம்பளத்தை அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுக்கிறார். மூன்றாவது மாதம் வேலை போய்விடுகிறது.

அடுக்குவதில் அவரிடம் ஒரு குறையும் இல்லை. சாலையைத் தோண்டிப் போட்டதால் பஸ் வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தது. அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் வரவே இல்லை. இரண்டு நாள் தாமதம், மூன்றாம் நாள் பயத்தில் வீட்டிலேயே இருந்துவிட்டார். அவரை ஆசையாக வேலைக்கு எடுத்த மேனேஜர் அதற்குள் வேறு கிளைக்கு மாறியிருந்தார். புதிதாக வந்தவருக்கு இந்தப் பையனைப் பற்றி ஒன்றும் தெரியாது. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

உதாரணத்துக்காக நான் கட்டிச் சொன்ன கதைதான் இது. ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைத்த வேலை பல நேரங்களில் இப்படித்தான் கை நழுவுகிறது. கைவேலை தெரியாமல் போவதைவிட பஸ், டீ இடைவேளை, மேலாளர் மாற்றம், யாரோ எரிச்சலில் சொன்ன ஒரு சொல் என்று வேலைக்கு வெளியே இருக்கும் விஷயங்களே காரணமாகின்றன. அந்தக் கடையில் அன்றைக்கு ஓர் ஆள் இருந்திருந்தால் போதும். பஸ் மாறிய முதல் நாளே விஷயம் தெரிந்து, மறுநாள் காலையில் அந்த இளைஞரோடு ஏறி, புது வழியில் எங்கே இறங்குவது என்று காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய ஓர் ஆள். அவரைத்தான் ஜாப் கோச் என்கிறார்கள். தமிழில் பணித்துணைப் பயிற்றுநர் என்று சொல்லலாம்.

சைக்கிள் பிரேக்கிலிருந்து தொடங்கிய கதை

இப்படி ஒரு வேலை எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் அதன் உள்ளர்த்தம் புரியும்.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் கோல்டு என்ற ஆய்வாளர் ஒரு சைக்கிள் பிரேக்கைக் கையில் எடுத்தார். பின்சக்கரத்தின் நடுவே பொருத்தும் வகை அது. மொத்தம் 15 பாகங்கள். அந்தக் காலத்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களைத் தனியாக ஒரு பணிமனையில் உட்காரவைத்து மிக எளிய வேலைகளை மட்டும் கொடுப்பார்கள். 'இவர்களுக்கு இதற்கு மேல் வராது' என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு. அவர்களிடம் இந்த பிரேக்கைக் கொடுத்துப் பூட்டச் சொல்லிக்கொடுத்தார் கோல்டு.

அவர் செய்தது இரண்டு காரியம். முதலில், பிரேக் பூட்டும் வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்தார். அடுத்து, பாகங்களில் எந்தப் பக்கம் ஆளைப் பார்த்து இருக்க வேண்டுமோ அந்தப் பக்கத்தில் வண்ணம் பூசினார். வண்ணம் தெரிகிற மாதிரி வைத்தால் சரி. அவ்வளவுதான். வண்ணம் பூசிய பாகங்களோடு பழகியவர்கள் மற்றவர்களைவிட வேகமாகக் கற்றுக்கொண்டார்கள். அப்புறம் அதே ஆட்களுக்கு 24 பாகங்கள் உள்ள வேறொரு பிரேக் கொடுக்கப்பட்டது. அதையும் பூட்டினார்கள்.

ஒருவர் கற்றுக்கொள்ளவில்லை என்றால், சொல்லிக்கொடுப்பவர் இன்னும் சரியான வழியைக் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் பொருள் என்பது கோல்டு கொண்டுவந்த நிலைப்பாடு. பழியை மாணவர் தலையிலிருந்து இறக்கி ஆசிரியர் தலையில் வைத்தது அது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

அடுத்த திருப்பம் 1980-களில் வந்தது. அதுவரை 'முதலில் பயிற்சி, பிறகு வேலை' என்பதுதான் வழக்கம். மெழுகுவத்தி, காகிதப் பை, பினாயில் என்று வருடக்கணக்கில் பயிற்சி நடக்கும், வேலை மட்டும் வராது. வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தில் பால் வேமனும் அவருடைய குழுவினரும் இதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். முதலில் உண்மையான கடையில், உண்மையான சம்பளத்தில் ஆளைச் சேர்த்துவிடு. பயிற்சியை அந்த இடத்திலேயே, அந்த அலமாரிக்கு முன்னாலேயே கொடு. பயிற்சி கொடுக்க ஓர் ஆளையும் கூடவே அனுப்பு. 1986-ல் அமெரிக்காவின் மறுவாழ்வுச் சட்டத்தில் செய்த திருத்தம் இந்த முறையை அரசு நிதியுதவிக்குள் கொண்டுவந்தது. ஜப்பான் 2002-ல் ஜாப் கோச் திட்டத்தைத் தொடங்கியது.

இந்த முறை ஏன் வேலை செய்கிறது? அறிவுசார் குறைபாடு உள்ள பலருக்கு ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்கு மாற்றிக்கொள்வது கடினம். பயிற்சி மையத்தில் மர அலமாரியில் அடுக்கப் பழகியவர் கடையின் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் திகைத்து நிற்கலாம். கண்ணாடி அலமாரியிலேயே கற்றுக்கொடுத்துவிட்டால் அந்தச் சிக்கலே இல்லை.

ஒரு ஜாப் கோச் உண்மையில் என்ன செய்கிறார்

நம்முடைய பிஸ்கட் வரிசைக்கே திரும்புவோம். நல்ல ஜாப் கோச் அந்த இளைஞர் சேர்வதற்கு முன்பே கடைக்குத் தனியாகப் போவார். ஒன்றிரண்டு நாள் அந்த வேலையைத் தானே செய்து பார்ப்பார். வெளியிலிருந்து பார்த்தால் 'பிஸ்கட் அடுக்குவது' ஒரே வேலை. செய்து பார்த்தால்தான் தெரியும், அதற்குள் எத்தனை இருக்கிறது என்று. அட்டைப் பெட்டியைப் பிரிக்க வேண்டும். பாக்கெட்டில் தேதி பார்க்க வேண்டும். அலமாரியில் இருக்கும் பழைய பாக்கெட்டுகளை முன்னால் இழுக்க வேண்டும். புதியவற்றைப் பின்னால் வைக்க வேண்டும். பெயர் தெரியும் பக்கம் வெளியே இருக்க வேண்டும். உடைந்ததைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். காலிப் பெட்டியை மடித்துக் கிடங்கில் போட வேண்டும்.

இதில் எந்தப் படி அந்த இளைஞருக்குக் கஷ்டம் என்று பார்ப்பார். தேதி படிக்க வரவில்லை என்று வையுங்கள். 'அப்படியென்றால் இவருக்கு இந்த வேலை சரிப்படாது' என்பது பழைய பதில். கடை மேலாளரிடம் பேசி, ஒவ்வொரு மாதச் சரக்குப் பெட்டிக்கும் ஒரு வண்ண ஸ்டிக்கர் ஒட்ட ஏற்பாடு செய்வது ஜாப் கோச்சின் பதில். பச்சை முன்னால், மஞ்சள் பின்னால். கோல்டு பிரேக் பாகத்தில் பூசிய வண்ணம் இங்கே ஸ்டிக்கராக வந்து உட்கார்ந்திருக்கிறது. கடையின் மற்ற ஊழியர்களுக்கும் இது வசதிதான்.

அப்புறம் கற்றுக்கொடுக்கும் கட்டம். அதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் வாயால் சொல்வார். புரியவில்லையா, கையால் சுட்டிக்காட்டுவார். அதுவும் போதவில்லையா, தானே ஒருமுறை செய்துகாட்டுவார். கடைசியாகத்தான் கையைப் பிடித்துச் செய்யவைப்பது. ஒவ்வொரு முறையும் நடுவில் சில விநாடிகள் சும்மா காத்திருக்க வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும். செய்வதுதான் கஷ்டம். வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள், மேலாளர் பார்க்கிறார், இந்த இளைஞர் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார். பிடுங்கி அடுக்கிவிட்டால் பத்து விநாடியில் முடிந்துவிடும். அந்தப் பத்து விநாடி பொறுக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்த வேலை. எந்தப் படியை அவர் உதவியில்லாமல் செய்தார் என்று தினமும் ஒரு நோட்டில் குறித்துவைப்பதும் உண்டு. அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் உதவியை எங்கே குறைப்பது என்று முடிவாகும்.

குறைப்பது என்றேன். ஜாப் கோச் முதல் நாளிலிருந்தே தான் விலகும் நாளைத் திட்டமிட வேண்டும். முதல் வாரம் முழு நேரமும் கூட இருப்பவர், அப்புறம் காலையில் மட்டும் வருவார், அப்புறம் வாரம் ஒரு முறை, அப்புறம் மாதம் ஒரு போன். விலகாமல் நிழல் மாதிரி நின்றுகொண்டே இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? கடையில் எல்லோரும் அந்த இளைஞரிடம் பேசுவதை விட்டுவிட்டு ஜாப் கோச்சிடம் பேச ஆரம்பித்துவிடுவார்கள். "அவன்கிட்ட இதைச் சொல்லிடுங்க சார்." அதற்குப் பிறகு அந்த இளைஞர் அந்தக் கடையின் ஊழியராக இருக்க மாட்டார்.

அதனால்தான் விலகுவதற்கு முன் கடைக்குள்ளேயே ஓர் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அது பில் போடும் இடத்தில் இருக்கும் ஓர் அக்காவாகவோ, கிடங்கில் வேலை செய்யும் ஓர் அண்ணனாகவோ இருக்கும். அவர்களுக்கும் சில விஷயங்களைச் சொல்லித்தர வேண்டும். "அதைக் கொஞ்சம் பார்த்துக்கோப்பா" என்றால் அந்த இளைஞருக்குப் புரியாது. "மூணாவது வரிசையில இருக்கிற காலிப் பெட்டிய எடுத்துக் கிடங்குல வை" என்றால் உடனே செய்வார். பேச்சை இப்படித் தெளிவாக்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வீட்டையும் பார்க்க வேண்டும். 24 வயதுப் பையனுக்கு இன்னும் தலை வாரிவிடும் அம்மா, கடை வாசல் வரை வந்து விட்டுப் போகும் அப்பா. அவர்களுடைய பயம் நியாயமானது, பல வருடப் பயம் அது. அதைக் கேலி செய்யாமல், முதல் வாரம் ஒன்றாக பஸ்ஸில், அடுத்த வாரம் பின் சீட்டில், அதற்கடுத்த வாரம் நிறுத்தத்தில் மட்டும் என்று அவர்களையும் படிப்படியாக விலகப் பழக்குவது ஜாப் கோச் செய்யும் வேலைகளில் மிகவும் நுட்பமானது.

இரக்கத்தைக் கேட்கக் கூடாது

ஜாப் கோச் வருவதற்கு முன், அந்தக் கடையில் வேலை இருக்கிறது என்று கண்டுபிடித்த ஒருவர் உண்டு. வேலை தேடித் தரும் அலுவலர். நம் ஊரில் ப்ளேஸ்மென்ட் ஆபீசர் என்பார்கள். சின்னத் தொண்டு நிறுவனங்களில் இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்ப்பார்.

இவர் முதலாளியிடம் எப்படிப் பேசுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "பாவம் சார், ஒரு வாய்ப்புக் கொடுங்க" என்று கேட்டால் சிலர் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அந்த இரக்கம் அவருக்குச் சொந்தம், அவர் வேறு கிளைக்கு மாறும்போது கூடவே எடுத்துக்கொண்டு போய்விடுவார். நம் கதையில் நடந்தது அதுதான். நன்றாகத் தேர்ந்தவர் வேறு மாதிரி கேட்பார். "உங்கள் ஆட்களுக்கு நேரம் போதாமல் தேங்கிக் கிடக்கும் வேலை எது?" ஒரு மருத்துவமனையில் நர்ஸ்கள் தினமும் கொஞ்ச நேரம் துணிகளை மடித்து அடுக்குவதில் செலவிடுகிறார்கள் என்று வையுங்கள். எல்லா வார்டிலிருந்தும் அந்த வேலையை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்தால் ஒரு முழு நாள் வேலை உருவாகிவிடும். நர்ஸ்களுக்கு நேரம் மிச்சம், ஒருவருக்கு வேலை. மருத்துவமனைக்கு அவர் உண்மையிலேயே தேவைப்படுகிறார். யார் மேலாளராக வந்தாலும் அந்தத் தேவை இருக்கும்.

மனநோயிலிருந்து மீண்டு வருபவர்களுக்கு இதே யோசனை இன்னொரு வடிவம் எடுத்தது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் உருவாக்கிய முறையில், வேலைவாய்ப்பு நிபுணர் மனநல சிகிச்சைக் குழுவிலேயே ஓர் உறுப்பினர். டாக்டர், மனநல நர்ஸ், சமூகப் பணியாளர், அவர்களோடு இவரும். ஒருவருக்கு வேலைக்குப் போக விருப்பம் இருந்தால் போதும், 'முழுதாகக் குணமாகட்டும், பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுவதில்லை. மருந்தால் காலையில் தூக்கம் வருகிறதா, டாக்டரிடம் பேசி மருந்து நேரத்தை மாற்ற முடியுமா, இல்லை மதியம் தொடங்கும் வேலை தேடலாமா என்று ஒரே மேசையில் பேசி முடிக்கிறார்கள். ஒரு நிபுணரிடம் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அந்த முறையின் அளவுகோல்களில் ஒன்று. 2007-ல் வெளியான ஓர் ஆய்வு இதை ஐரோப்பாவின் ஆறு மையங்களில் 312 பேரிடம் சோதித்தது. வழக்கமான பயிற்சி வழியில் போனவர்களில் 28 சதவீதம் பேர் குறைந்தது ஒரு நாளாவது வேலை பார்த்தார்கள். இந்த வழியில் 55 சதவீதம். சென்னையில் மனநல மருத்துவர் எம். சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் மனச்சிதைவு உள்ளவர்களுக்குச் சிகிச்சையோடு தொழில்சார் மறுவாழ்வையும் சேர்த்தே பார்த்து வருகிறது.

கூட நிற்கும் மற்றவர்கள்

எல்லோருக்கும் ஜாப் கோச் தேவைப்படாது. பார்வையற்ற ஒரு பட்டதாரிக்குத் தேவை, அலுவலகக் கணினியில் திரை வாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) போட்டுத் தர ஒருவரும், பேருந்து நிறுத்தத்திலிருந்து இருக்கை வரை வெள்ளைக் கோலோடு வழி பழக்க ஒரு நடமாட்டப் பயிற்சியாளரும். என்.வி.டி.ஏ என்ற திரை வாசிப்பான் இலவசம். பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006-ல் தொடங்கியது. சக்கர நாற்காலியில் வரும் ஒருவருக்கு மேசை உயரத்தையும் கழிவறைக் கதவின் அகலத்தையும் பார்த்துச் சொல்ல ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வேண்டும். இதற்கெல்லாம் நிறையச் செலவாகும் என்று முதலாளிகள் பயப்படுவார்கள். அமெரிக்காவில் 1983 முதல் முதலாளிகளுக்கு இலவச ஆலோசனை தரும் ஒரு சேவை இருக்கிறது. அவர்கள் திரும்பத் திரும்ப நடத்திய கணக்கெடுப்புகளில் ஏறத்தாழ பாதி மாற்றங்களுக்கு ஒரு காசும் செலவாகவில்லை. இருக்கையை மாற்றிப் போடுவது, வேலை நேரத்தை அரை மணி தள்ளிவைப்பது போன்றவை அவை.

காது கேளாதவர்களின் விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். "பேப்பரில் எழுதிக் காட்டினால் போதுமே" என்று பலர் நினைக்கிறார்கள். சைகை மொழியில் வளர்ந்தவருக்குத் தமிழோ ஆங்கிலமோ இரண்டாவது மொழி. நேர்காணலுக்கும், வேலை விதிகளை விளக்கும் கூட்டத்துக்கும், ஏதாவது பிரச்சினை என்று கூப்பிட்டுப் பேசும்போதும் சைகை மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும்.

இவர்களுக்கெல்லாம் முன்னால் தொழில் மதிப்பீட்டாளர் ஒருவர் வருவார். என்ன செய்ய முடியும், எதில் ஆர்வம் என்று பார்ப்பவர். தேவையான வேலைதான். ஆனால் நாற்காலியில் உட்காரவைத்துச் செய்யும் சோதனையை மட்டும் வைத்து 'வேலைக்குத் தகுதியில்லை' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். இரண்டு வாரம் உண்மையான கடையில் இருந்து பார்க்காமல் அதை யாரும் சொல்லிவிட முடியாது.

நம் நாட்டில் எங்கே நிற்கிறோம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம். நாடு முழுவதிலும் அவர்களில் ஏறத்தாழ 36 சதவீதம் பேர்தான் ஏதாவது வேலையில் இருந்தார்கள்.

அரசு இதை யோசிக்காமல் இல்லை. ஊனமுற்றோருக்கான தொழில்சார் மறுவாழ்வு மையங்கள் 1968-ல் மும்பையிலும் ஐதராபாத்திலும் தொடங்கின. சென்னை கிண்டியிலும் ஒன்று இருக்கிறது. இப்போது அவற்றுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வாழ்க்கைத்தொழில் சேவை மையம் என்று பெயர். மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வருபவை. மதிப்பீடு, பயிற்சி, ஆலோசனை, வேலைக்கு அனுப்புவது எல்லாம் அங்கே உண்டு.

1992-ன் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் எந்தெந்தத் துறையினர் மறுவாழ்வு வல்லுநர்கள் என்று ஒரு பட்டியல் தந்தது. அதில் தொழில் ஆலோசகர், வேலைவாய்ப்பு அலுவலர், ப்ளேஸ்மென்ட் அலுவலர் மூவரும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறார்கள். ஜாப் கோச் என்ற பெயர் அதில் இல்லை. வேலைக்கு அனுப்புகிறவரைச் சட்டம் கண்டுகொண்டது, வேலையில் நிற்கவைப்பவரைக் கண்டுகொள்ளவில்லை. இது எனக்கு உறுத்துகிறது. தொண்டு நிறுவனங்களில் இந்த வேலையைச் சிறப்பு ஆசிரியரோ சமூகப் பணியாளரோ தன் வேலையோடு சேர்த்துச் செய்கிறார். பெயர் இல்லாத வேலைக்குத் தனிச் சம்பளமும் தனி நேரமும் கேட்பது கஷ்டம்.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைய மாற்றியது. 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்தது. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு தந்தது, அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளவர்களும் முதல்முறையாக வந்தார்கள். பணியில் இருக்கும்போது விபத்திலோ நோயிலோ ஊனம் ஏற்பட்டால் அரசு நிறுவனம் அவரை வெளியேற்ற முடியாது, பதவி இறக்கவும் முடியாது. பார்த்த வேலையை இனிப் பார்க்க முடியவில்லை என்றால் அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். ஓர் அரசுப் பேருந்து ஓட்டுநருக்குக் கால் போனால் அவர் குடும்பத்துக்கு இந்த ஒரு பிரிவு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள்.

தனியாரைப் பொறுத்தவரை, 2017-ல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுப்பதைக் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் அவர் யார் என்று எச்.ஆரில் கேட்டுப் பாருங்கள். தொண்டு நிறுவனத்திலிருந்து வரும் ஜாப் கோச்சுக்குக் கடைக்குள் கதவைத் திறந்துவிட வேண்டியவர் அவர்தான்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த உதவி வேண்டும் என்றால், முதலில் யு.டி.ஐ.டி எனப்படும் தனித்துவ அடையாள அட்டையை வாங்கிவிடுங்கள். ஒதுக்கீட்டுக்குக் குறைந்தது 40 சதவீத ஊனம் என்ற சான்று வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உங்கள் பக்கத்தில் எந்த நிறுவனம் வேலைக்கு அனுப்புகிறது என்று விசாரிக்கலாம். வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் பதிந்துவையுங்கள். தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கம் தெரிந்திருக்கும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

எந்த நிறுவனத்துக்குப் போனாலும், இத்தனை பேருக்கு வேலை வாங்கித் தந்தோம் என்று ஒரு எண்ணிக்கையைச் சொல்வார்கள். சந்தோஷமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் இதையும் கேளுங்கள். அவர்களில் எத்தனை பேர் ஒரு வருடம் கழித்தும் அதே வேலையில் இருக்கிறார்கள்? என் பிள்ளை சேர்ந்த பிறகு யார் கடைக்கு வருவார், எத்தனை மாதம் வருவார்? மேலாளர் மாறினால் உங்களுக்கு எப்படித் தெரியும்? பஸ் வழி மாறினால் நான் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும்?